பிள்ளைக் காம்பராவில் ஒன்பதாம் வகுப்பு

அந்த மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகியது. ஒன்பதாம் வகுப்பை எங்கள் பிள்ளைக் காம்பராவுக்கு மாற்றிவிட்டார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை அது. பேர் மட்டும் நாங்கள் சிலோனிலிருந்து கொண்டுவந்தது. நான் அங்கே ஆயா. முன்பக்கம் கணக்கு, பின்பக்கம் தொட்டில்.

எனக்கு எழுத்து தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். கணக்கென்றால் எண் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இதில் எண்ணே இல்லை. இரண்டு வட்டம், நடுவே அம்புகள். ஜன்னல் வழியாக மூட்டம் உள்ளே வந்து கரும்பலகை முன்னால் நிற்கும்போது வட்டங்கள் இரண்டும் மிதப்பதுபோல் இருக்கும். குழந்தைகள் தூங்குவதற்கு முன்னால் எனக்குக் கண் சொக்கும். குன்னூர் மழையே அப்படித்தான், சத்தமே இல்லாமல் பெய்யும்.

டீச்சர் கோயமுத்தூர்ப் பக்கம். இடது வட்டத்தில் பிள்ளைகள் பேர், வலது வட்டத்தில் பர்லியார் தோட்டத்துப் பழங்கள். யாருக்கு எது பிடிக்குமோ அதற்கு ஓர் அம்பு. ஒருத்திக்கு எல்லாமே பிடிக்கும், அவள் பேரிலிருந்து விசிறிமாதிரி அம்புகள் போயின. இதற்குத் தொடர்பு என்று பேராம். அடுத்து வருவது சார்பு. அதில் இடது பக்கத்து ஆள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரே ஓர் அம்புதான் கிளம்பலாம். இரண்டு பேருடைய அம்பு ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தால் குற்றமில்லை.

அதற்கு எடுத்துக்காட்டாக வலது வட்டத்தில் அம்மாக்களை எழுதச் சொன்னார். ஆளுக்கு ஓர் அம்மாதானே என்று நினைத்திருப்பார். பாவம், எங்கள் லயத்து வீடுகளைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்.

என் அக்கா மகளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். அக்காவுக்கு இந்தியா வரக் காகிதம் கிடைக்கவில்லை. அதனால் பெண்ணை என் மகளென்று சொல்லி நான் கூட்டிவந்தேன். கப்பலில் யாராவது கேட்டால் என்னை அம்மா என்று கூப்பிடு என்று சொல்லிவைத்திருந்தேன். அன்றோடு சின்னம்மா என்பது நின்றது. அம்மா என்பதும் வரவில்லை. "இங்க பாருங்க" என்பாள், அவ்வளவுதான். அவள் மனசில் நான் யார் என்று தெரியாமலே சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் முறை வந்தது. எழுந்துபோய்த் தன் பேரிலிருந்து இரண்டு அம்பு போட்டாள்.

டீச்சர் ஒன்றை அழிக்கச் சொன்னார். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அவளுக்கு ரெண்டு அம்மா, டீச்சர். ஒண்ணு சிலோன்ல, ஒண்ணு பின்னால தொட்டில் ஆட்டுது" என்றாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. அழிப்பதென்றால் எதை அழிப்பாள்? என்னைத்தானே. பெற்றவளையா அழிப்பாள்?

அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அழிக்க ஏலாது டீச்சர்" என்றாள்.

டீச்சர் கரும்பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செரி கண்ணு, இருக்கட்டும்" என்றார். "நீ போட்டது தப்பில்ல. இது தொடர்புதான். சார்பா மட்டும் ஆகாது. அதுக்கு நான் வேற ஏதாச்சும் எடுத்துக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. ஒரு குழந்தை விழித்து அழுதது, அது அழவும் அடுத்தது, பிறகு வரிசையாக எல்லாம். பெண் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஒரு தொட்டிலைப் பிடித்தாள்.

"சிரிச்சது போதும் அம்மா, அந்தக் கடைசிப் புள்ளையத் தூக்குங்க" என்றாள்.

தூக்கினேன். டீச்சர் அதற்குப் பிறகு சார்புக்கு என்ன எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. அத்தனை அழுகையில் ஒன்றுமே காதில் விழவில்லை.