கொம்புமுறிப் பாட்டப் புத்தகத்துக்குள்ள ஒளிச்சவன்

அக்கா கம்பஸில ஒரு நாவலப் பத்தி ஆய்வு எழுதினா. எங்கட ஊர் ஆள் ஒருத்தர் எழுதினது. ஒரு வசனம் தொடங்கினா ரெண்டு பக்கத்துக்கு முற்றுப்புள்ளி இல்ல. பழைய காவியம், கூத்து, பாட்டெல்லாத்தையும் துண்டு துண்டா வெட்டி உள்ளுக்க ஒளிச்சிரிக்காராம். எது எங்க இருந்து வந்தது எண்டு பிடிக்கிறதுதான் அக்காட வேல. நான் பத்தாம் வகுப்போட நிண்டவன். இந்தாளுக்கு மூச்சு முட்டாதா எண்டு கேட்டு அவகிட்ட அடி வாங்கியிரிக்கன்.

ஒரு பின்னேரம் ஒரு அத்தியாயத்தில பந்தி முடியிற சொல்லுகள மட்டும் கோத்துச் சத்தமா வாசிச்சா. எனக்குச் சிரிப்பு வந்திட்டு. மிச்சத்த நான் பாடினன். அம்மன் கோயில் கொம்புமுறியில ஊர் ரெண்டு சேரியாப் பிரிஞ்சு, வளைஞ்ச மரக் கொம்புகளக் கொளுவி இழுக்கும். எங்கட தென்சேரிக் கொம்பு முறிஞ்சா வடசேரிக்காரன் பாடுற வசைப்பாட்டு அது. மாப்பிள்ள எழும்பி ஓட, பொண்ணு மணவறையில தனியக் குந்தியிரிக்கிற கத.

குசினிக்குள்ள தேங்கா திருவுற சத்தம் நிண்டிட்டு. அம்மா வாசலுக்கு வந்தா.

"அது என்னப் பத்திப் பாடினது, மனே."

அப்பாவக் கட்ட முதல் அம்மாக்கு ஒரு கலியாணம் குழம்பினது அண்டைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

தோத்த சேரி வசைய நிண்டு கேக்கணும், கோவிக்கக் கூடா. அதே மாதிரி, அம்மனக் குளிர வைக்கிற குளிர்த்திச் சடங்கு முடிஞ்சாப் பிறகு வெண்டவனும் அத வெளியில பாடக் கூடா. அம்மனுக்கு முன்னால வைச்ச பேச்சு அது. இந்த வடசேரி மனிசன் அத அச்சடிச்சு, பரிசு வாங்கி, பொன்னாடையும் போத்திக்கிட்டுத் திரியிறான். பெரிய எழுத்தாளனாம்.

அம்மா ஒண்டும் தடுக்கல்ல. படிப்புக்கு வேணுமெண்டா எழுது கா எண்டுதான் அக்காகிட்டச் சொன்னா. அதுதான் எனக்கு இன்னும் விசரக் கிளப்பினது.

ஆய்வப் பத்திக் கேள்வி கேக்கிற நாள் அக்காவ மோட்டச்சைக்கிள்ல நான்தான் ஏத்திக்கிட்டுப் போனன். வாசல்ல நிண்டன், எல்லாம் கேட்டுது. கேள்வி கேக்கிற சேர் நேர அந்த அத்தியாயத்துக்குத்தான் வந்தார். பந்தி முடிவுகள் ஏதோ பாட்டு மாதிரித் தெரியுதே, மூலம் எங்க எண்டு கேட்டார்.

"தெரியாது சேர்."

"ஊர்ப்பிள்ளதானே நீங்க. கொஞ்சம் இறங்கித் தேடியிருக்கலாமே."

தேடல்லயாம். கண்டுபிடிச்ச ஒரே ஆள் அவதான். நான் கதவுக்குள்ள கால் வைக்க, அக்கா திரும்பி ஒரு பார்வ பாத்தா. நிண்டிட்டன்.

வெளிய வந்து, "வாயத் திறந்தியெண்டா தெரியும், வண்டிய எடு" எண்டா. கண் சிவந்திருந்திச்சு.

சேரையும் உதைக்க ஏலாது, எழுதினவனையும் உதைக்க ஏலாது. வண்டியத்தான் உதைச்சன். அதுவும் இலேசில ஸ்டாட் ஆகல்ல.