கோட்டுக்குக் கீழே போன லிப்ட்

1. நாற்பது குமிழிகள்

லண்டனில் ஒரு கவுன்சிலின் திட்ட அலுவலகத்தில் சேர்ந்து மூன்றாவது கிழமையே அந்த நெருக்கடி வந்தது. நாற்பது திட்டங்கள், பாதிக்குத்தான் காசு. எதைக் கைவிடுவதென்று மறுநாள் கமிட்டி முடிவெடுக்க வேண்டும்.

"எல்லாத்தையும் ஒரே பக்கத்தில காட்டு. கமிட்டி ஆக்களுக்கு வாசிக்க நேரமில்லை" என்றார் மனேஜர் ஹெலன்.

பபிள் சார்ட் போட்டேன். கிடை அச்சில் செலவு, நிலை அச்சில் பயன். ஒவ்வொரு திட்டமும் ஒரு குமிழி. குறுக்கே ஒரு கோடு. அதற்குக் கீழே விழுந்தால் வெட்டு. எத்தனை பேருக்கு உதவும் என்பதை வைத்தே ஸ்கோர் ஷீட் பயனைக் கணித்தது.

நாலு மாடி பிளாட் ஒன்றின் பழைய லிப்டை மாற்றும் திட்டம் கோட்டுக்குக் கீழே விழுந்தது. அங்கே பன்னிரண்டு வீடுகள்தான். அந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பான ஹவுசிங் ஆபீசர் சிவமலர் அக்கா போன் எடுத்தார்.

"தம்பி, நாலாம் மாடியில அந்தோனிப்பிள்ளை ஐயா வீல்செயாரில இருக்கிறார். லிப்ட் நிண்டா அவர் வெளியில வர ஏலாது. அதுக்கு எத்தனை புள்ளி போட்டனீங்கள்?"

"ஆளுக்கு ஒரு புள்ளிதான் அக்கா. ஷீட் அப்பிடி."

கோட்டுக்கு மேலே நின்ற, கவுன்சிலின் புது வெப்சைட் திட்டத்தின் புள்ளி வெறும் ஊகம் என்று எனக்குத் தெரியும். புதிதாய் வந்தவன் ஏன் வாய் திறப்பான் என்று இருந்துவிட்டேன். கமிட்டி நாலு நிமிடம் படத்தைப் பார்த்தது. லிப்ட் வெட்டுப்பட்டது. படம் தெளிவாக இருந்ததென்று என்னைப் பாராட்டினார்கள்.

2. நாலாம் மாடி

குளிர்காலத்தில் லிப்ட் நின்றது. அதற்குப் பார்ட்ஸ் இப்போது செய்வதே இல்லையாம். இரண்டு மாதம் கழித்துச் சிவமலர் அக்கா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். அந்தோனிப்பிள்ளை ஐயா கோட்டும் சப்பாத்தும் போட்டுக் கதவடியில் காத்திருந்தார்.

"கவுன்சில் ஆக்கள் வருகினம் எண்டவை. லிப்ட் சரியாப் போச்சோ?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"பாக்கிறம் ஐயா" என்றேன்.

"ஓம், பாருங்கோ. ஒன்பது கிழமையாப் பூசைக்குப் போகேல்லை. முப்பது வருசம் இந்த ஊரில பஸ் ஓடினனான், தம்பி."

அடுத்த நாள் ஹெலனிடம் போய், லிப்டின் புள்ளியைக் கூட்டலாமா என்று கேட்டேன்.

"ஒண்டை ஏத்தினா எதை இறக்கிறது?"

"வெப்சைட்டை. அந்தப் புள்ளி சும்மா போட்டது."

"அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகி முடிஞ்சுது. போய் வேலையைப் பார்."

போய் வேலையைப் பார்த்தேன்.

3. பிறகு

வசந்தத்தில் அந்தோனிப்பிள்ளை ஐயாவைக் கதிரையில் வைத்துத் தூக்கி இறக்கி, நகரின் மறுகோடியில் முதியோரைப் பராமரிக்கும் ஒரு கெயார் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. இரண்டு மாதத்தில் காலமானார். அடுத்த வருடப் பட்டியலில் இடமிருந்ததால் லிப்டுக்குக் காசு கிடைத்தது.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லிவந்தது இதுதான்: குமிழியை வைக்க முன்னர், அந்தப் புள்ளியைப் போட்டது யார், எதைப் பார்த்துப் போட்டார் என்று கேளுங்கள். கீழே விழுகிறவற்றை நேரில் போய்ப் பாருங்கள். தலையாட்டி எழுதிக்கொள்வார்கள். ஆனால் ஓய்வுபெறும் வரை நானும் அதே ஷீட்டில்தான் படம் போட்டேன். அது பிழை என்று கமிட்டிக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.