சவரிராயன் நனைத்த மண்

எங்கள் ஊர்ப் பூங்காவுக்கு இருபத்தைந்து ஆண்டுத் திட்டம் ஒன்று உண்டு. மரம்தான் இல்லை. பொதுமக்களைக் கேட்காமல் மரம் வைப்பது ஜனநாயகம் ஆகாது என்பதில் பூங்கா கமிட்டித் தலைவர் கண்ணையன் உறுதியாக இருந்தார். அதனால் எழுபத்திரண்டாம் ஆண்டு முதல் ஒவ்வொரு கோடையிலும் கருத்துக் கேட்புக் கூட்டம் பூங்காவிலேயே நடந்தது.

தோட்டக்காரர் சவரிராயனிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. சம்பளம் வாங்குகிறவர், பொதுமக்களில் சேர்த்தி இல்லை. அவருடைய ஆசை சின்னது: வேலையை விட்டுப் போவதற்குள் தான் வைத்த புங்கங்கன்று ஒன்றாவது மரமாக வேண்டும், அதில் முதுகைச் சாய்த்து ஒருநாள் உட்கார வேண்டும். அதற்காகக் குளத்திலிருந்து காவடியில் தண்ணீர் சுமந்து தோள் காய்த்துப் போனார்.

கூட்டம் என்றால் பந்தல் உண்டு. பந்தலுக்குக் கால் உண்டு. பூங்கா மண் வெயிலில் கருங்கல்லாகிக் கிடக்கும். கடப்பாரை இறங்குகிற ஈரமண் கன்றுகளைச் சுற்றி மட்டும்தான். பந்தல்காரர் பக்கிரி அங்கேதான் தோண்டுவார். வேர் அறுந்துவிடும். சவரிராயன் எவ்வளவு அக்கறையாகத் தண்ணீர் விட்டாரோ அவ்வளவு சுளுவாகக் கன்று செத்தது.

ஓய்வு பெறவேண்டிய வருஷம் ஒரு கன்று மட்டும் இடுப்புயரம் வந்திருந்தது. கூட்டம் என்று தெரிந்ததும் சவரிராயன் காவடியை மூலையில் சாய்த்துவிட்டார். மனைவி அல்போன்சாவுக்குத் தாங்கவில்லை.

"இன்னாய்யா, தண்ணி வுடாம வூட்டுல குந்திகினு இருக்கிற? செடி வாடிப் பூடாதா?"

"வாடுனா தெளிஞ்சிக்கும்டி. வேரு அறுந்தா தெளியாது. தரை காஞ்சி கெடந்தா பக்கிரி வேற எடம் பாப்பான்."

பக்கிரி வந்தார். கடப்பாரை தெறித்தது. வேறு இடம் பார்க்காமல் நேராகத் தலைவரிடம் போனார். திட்டத்தின் வரலாற்றில் முதன்முறையாக உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டது.

"இன்னாபா சவரி, பந்தலுக்குத் தரைய நனைச்சு வெக்கலையா? இத்தினி வருஷம் ஒழுங்காதானே நனைச்சிகினு இருந்த?"

"அது பந்தலுக்கு இல்லீங்க..."

"பின்ன?"

சவரிராயன் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். "அந்தாண்ட மூலையில வேணா நனைக்கட்டுங்களா?"

"அது திட்டத்துல நீரூற்று வர்ற எடம்பா! அங்க தோண்டக் கூடாது. வழக்கமான எடத்துலயே ஊத்து."

அவர் காவடியைத் தூக்கினார். மண் குழைந்தது. கடப்பாரை இறங்கியது. கன்று சாய்ந்தது.

மாலைக் கூட்டத்தில், பூங்காவில் நிழல் இல்லாதது குறித்துப் பொதுமக்கள் ஒருமனதாக வருத்தம் தெரிவித்தார்கள். சவரிராயன் கன்று இருந்த இடத்தில் நின்ற பந்தல்காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மூங்கில் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.