கரி பஸ்ஸில் போய் வாங்கி வந்த முகம்

போன மாசியில், தங்கை கமலத்தின் கல்யாணத்துக்கு நாள் குறித்த மறுவாரம், அம்மாவை அழைத்துக்கொண்டு பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போனேன். அப்பா காலராவில் போனபோது கமலம் கைக்குழந்தை. வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. "அப்பா மொகத்தைப் பாத்துட்டுத்தான் மணையில உக்காருவேன்" என்று அவள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். இல்லாதவர் முகத்தை வரைந்து தரக்கூடியவர் இந்தச் சீமையில் ஒருவர்தான்: அரியலூர் ஓவியர் வைத்திலிங்கம். நாடகக் கம்பெனிகள் கொழும்பு வரை கொண்டுபோன திரைகள் அவர் எழுதியவை.

யுத்தத்தால் பெட்ரோல் இல்லை, பஸ் கரி வாயுவில் ஓடுகிறது. ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டியது, பஸ்ஸின் பின்னால் கட்டிய கரி அடுப்பு சூடேறி எட்டுக்குத்தான் அசைந்தது. சுமார் இருபது மைல், ஆளுக்குப் பத்தணா. மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். "தள்ளுறதுக்குத் தனி டிக்கெட் கேக்கலையேன்னு சந்தோசப்படுங்க சார்" என்றார் டிரைவர். வெள்ளைச் சட்டையோடு ஏறினேன். இறங்கியபோது அது என்ன நிறம் என்று கேட்காதீர்கள்.

பக்கத்தில் அரியலூர் வெங்காய வியாபாரி ஒருவர். நாங்கள் போகும் காரியம் தெரிந்ததும் ஓவியர் கதைகளை அவிழ்த்துவிட்டார். கும்பகோணத்தில் கோயில் சுவரில் எழுதும் ஒருவர், போட்ட வெற்றிலை சிவக்காவிட்டால் அன்று தூரிகையைத் தொடமாட்டாராம். திருச்சியில் ஒருவர் மேகம் எழுதும் நாளில் பட்டினியாம், வயிறு நிறைந்தால் மேகம் கனத்துவிடுமாம். "எங்க ஊருக்காரருக்கு முன்னால இவங்கல்லாம் பச்சப் புள்ளைங்க" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். கேட்ட எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் சொன்னது பொய்யில்லை. நாங்கள் வீட்டுக்குப் போனபோது ஓவியர் இடது காலில் மட்டும் செருப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ரெண்டும் போட்டா கால் எங்கயாவது கெளம்பிடுதுங்க" என்றார். மடியில் வறுத்த கடலை. வரைந்தது பிடிக்காவிட்டால் படத்தின் மேலேயே தோலை வீசுகிறார்.

நான் அப்பாவின் அடையாளங்களைச் சொல்லத் தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். எதுவும் கேட்காமல் கரித்துண்டால் ஒரு முகம் போட்டு அம்மா பக்கம் திருப்பினார். முறுக்கு மீசை, தடித்த உதடு, பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு.

"இவருதானே?"

அம்மா அப்பாவைப் பற்றிப் பேசி எத்தனையோ வருஷமாகிறது. நாங்கள் கேட்டாலும் எழுந்து போய்விடுவார். அன்றும் எழுந்துவிட்டார். ஆனால் அவர் வாசல் பக்கம் போகவில்லை, படத்துக்கு நேராகப் போய் நின்றார்.

"யாருய்யா இது? வட்டிக் கடைக்காரனாட்டம்! எம் புருசன் என்னைக்குப் பல்லக் காட்டினாரு? ஒதட்ட மடிச்சிக்கிட்டுக் கண்ணாலதான் சிரிப்பாரு. மூக்குல காளை முட்டுன தழும்பு எங்க?"

ஓவியர் துணியால் துடைத்தார், போட்டார், வேண்டுமென்றே இன்னொன்றைத் தப்பாக்கினார். அம்மா திட்டினார். திட்டத் திட்ட முகம் வந்துகொண்டே இருந்தது. ஓவியரின் வழக்கமே அதுதானாம். நல்லவிதமாகக் கேட்டால் எல்லோரும் "லட்சணமா இருப்பாரு" என்று சொல்லிவிடுகிறார்களாம்.

கடைசியில் இடது புருவம் மட்டும் மூன்று தரமும் சரிப்படவில்லை. அம்மா பொறுமையிழந்து அவர் கையிலிருந்த கரியைப் பிடுங்கி ஒரே இழுப்பாக இழுத்தார். கோலத்தைத் தவிர வேறெதுவும் போட்டறியாத கை!

"இதுல இனி நான் கை வைக்க மாட்டேம்மா" என்று கும்பிட்டார் ஓவியர். யுத்தத்தில் வர்ணம் கிடைக்காததால் படம் கரியிலேயே நின்றது. ரூபாய் முப்பது, கண்ணாடிச் சட்டம் தனி.

போகிறவர்களுக்கு: விடியற்காலையில் போய் இடம் பிடியுங்கள், பழைய சட்டை போடுங்கள், தண்ணீர் கொண்டு போங்கள். ஓவியர் வீடு ரயிலடிக்குப் பக்கம்தான். முகத்தை வர்ணிக்கத் தெரிந்தவரை அழைத்துப் போகாதீர்கள், கோபப்படக்கூடியவரை அழைத்துப் போங்கள்.

கமலம் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "நல்லாருக்குண்ணே. ஆனா இதுதான் அப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

கல்யாணத்தன்று செந்துறையிலிருந்து அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, வந்தார். படம் வரைந்த விஷயம் அவருக்குத் தெரியாது. எந்தப் பெரிய மனிதர் முன்னாலும் பீடியை அணைக்காதவர். புகைத்துக்கொண்டே கூடத்துக்குள் வந்தவர், சுவரில் மாட்டியிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்ததும் சட்டென்று பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

கமலம் அதைப் பார்த்துவிட்டாள். யாரும் கூப்பிடாமலே போய் மணையில் உட்கார்ந்தாள்.