ஹேண்ட்போன் மணியம்

மணியம் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, வீட்டில், மாரடைப்பு.

கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்ததும் நான் நம்பவில்லை. எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை நான். அவர் நம்பருக்கே போன் போட்டேன்.

முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்கள். என் போனை அவர் முதல் ரிங்கில் எடுத்ததே கிடையாது.

அவருடைய மகள். "அப்பா இல்ல அங்கிள்..."

அதற்குள் குரூப்பில் ஒருத்தன் கேட்டிருந்தான். "எக்சிடெண்டா? போன் பேசிக்கிட்டே ஓட்டினாரா?"

அந்தக் கேள்விக்கு நான்தான் காரணம். 'ஹேண்ட்போன் மணியம்' என்று அவருக்குப் பெயர் வைத்தவனே நான்தான்.

தெரியாதவர்களுக்கு... நாங்கள் இருவரும் கெலாங் பாத்தாவில் ஒரு டெலிவரி கம்பெனியில் வேன் டிரைவர்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் வேன் நம்பருக்கு ஒரு சம்மன் வந்தது. ஓட்டும்போது போன் பேசிய குற்றம். போலீஸ் வண்டியை நிறுத்தவில்லை, நம்பரை மட்டும் எழுதிக்கொண்டு ஆபீசுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார்கள்.

பாஸ் கூப்பிட்டுக் கேட்டார். அண்ணன் "ஆமா பாஸ்" என்று சொல்லி அபராதத்தைக் கட்டிவிட்டு வந்தார். அவருக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் வேலை எனக்கு வந்தது.

"அலமாக், யார்கிட்ட அண்ணே அப்படி என்ன பேச்சு?" என்று கேட்டேன்.

"நல்ல சேதிதான் தம்பி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆள் எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன்.

சூப்பர்வைசர் ஆனபிறகு, அவர் ரோட்டில் இருக்கும் நேரம் பார்த்து வேண்டுமென்றே போன் போடுவேன். எடுக்கிறாரா என்று பார்க்கத்தான். ஒருநாள்கூட எடுத்ததில்லை.

அதையும் சந்தேகப்பட்டேன். இன்னொரு போன் வைத்திருக்கிறாரோ...

கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிடுவார். "சொல்லு தம்பி, வண்டிய ஓரங்கட்டிட்டேன்." நான் இஞ்சின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, "எங்க நிக்கிறீங்க, போட்டோ அனுப்புங்க லா" என்பேன். அனுப்புவார். பெக்கான் நானாஸ் அன்னாசிக் கடை, பக்கத்தில் வேன், ஓரத்தில் அவர் கட்டைவிரல்.

போனை வைக்கும்முன் "பாப்பா எப்படி இருக்கு?" என்று என் மகளைக் கேட்பார். ஒவ்வொரு தடவையும். பேச்சை மாத்துறார் கில்லாடி என்று நினைத்து, பதில் சொல்லாமலே வைத்துவிடுவேன்.

இன்று மத்தியானம் துக்க வீட்டில் அவர் மகள் வேன் சாவியையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலையும் கொடுத்தாள். "ஆபீஸ் பேப்பர் அங்கிள், அப்பா அலமாரியில இருந்துச்சு."

உள்ளே அந்தச் சம்மன். அதை நான் கண்ணால் பார்ப்பதே இன்றுதான்.

குற்றம் நடந்த தேதியைப் பார்த்தேன். என் மகள் பிறந்த தேதி.

அன்றைக்கு அந்த வேனை ஓட்டியது நான். என் மனைவிக்கு எந்த நேரமும் வலி எடுக்கலாம் என்று, தூரமான என் லாயாங் லாயாங் ரூட்டை அவர் எடுத்துக்கொண்டு, பக்கத்திலேயே இருக்கும் தன் ரூட்டையும் வேனையும் எனக்குக் கொடுத்தார். பாஸுக்குத் தெரியாமல் இப்படி எத்தனையோ நாள் மாற்றி ஓட்டியிருக்கிறோம். பிடிபட்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும்.

பெக்கான் நானாஸ் தாண்டும்போது மாமியார் கூப்பிட்டார். "மாப்ள, பொண்ணு பொறந்திருக்கு!" ஓட்டிக்கொண்டேதான் பேசினேன்.

நல்ல சேதி...

சம்மன் வந்தது பல மாதம் கழித்து. அது நானாக இருக்கும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. எல்லாரையும் சந்தேகப்படுகிற எனக்கு! வெட்கமாக இருக்கிறது. துக்க வீட்டில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

குரூப்பில் கேட்ட தம்பிக்கும், பாஸ், உங்களுக்கும்... அந்தச் சம்மன் என்னுடையது. மணியம் அண்ணன் வண்டி ஓட்டும்போது போன் எடுத்ததே இல்லை. ஆறு வருடம் சோதித்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

அண்ணே, இதை வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். கீழே போட்டோ இருக்கிறது, அதே அன்னாசிக் கடை.

பாப்பா நல்லா இருக்கா அண்ணே.