பைப்புக்காரரின் கம்பு

முப்பது அடி. இந்த எண்ணை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பூமிக்குள் போகிற எண்ணெய்க் குழாய்க்கு இந்தப் பக்கம் முப்பது, அந்தப் பக்கம் முப்பது. அதற்குள் யாரும் பள்ளம் தோண்டக் கூடாது. மீறினால் ஜெயில் என்கிறது போர்டு. பட்டா விவசாயி பேரில் இருக்கும். கடப்பாரை போடத்தான் உரிமை இல்லை. புதுவாயலுக்குக் கிழக்கே குழாய் போகும் ஊர்களில் சின்னப் பிள்ளைக்குக்கூட இந்த முப்பது தெரியும்.

மணவாளன் அந்தத் தடத்தின் மேல்தான் நடந்துகொண்டிருக்கிறார். வெயில் ஏறுவதற்குள் எட்டு கிலோமீட்டர். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் சிவப்பும் வெள்ளையும் பூசிய ஆறடிக் கம்பு. தடத்தில் நட்ட கல் ஒவ்வொன்றுக்கும் கம்பால் ஒரு தட்டு. வேலைக்குப் பெயர் லைன் வாக்கர். ஊருக்கு அவர் பைப்புக்காரர். புது மண் கிடக்கிறதா, புல் கருகியிருக்கிறதா, டீசல் வாடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். மோப்பம் பிடிக்கும்போது வலது மூக்கை மூடிக்கொள்வார். கேட்டால், "இடது மூக்கு கம்பெனிக்கு. வலது என்னுது, கொயம்புக்கு" என்பார்.

கோடிக்கணக்கான ரூபாய் எண்ணெய் ஓடுகிறது. வயல்வெளியில் அதற்குக் காவல் ஒரு ஆள், ஒரு கம்பு, ஒரு போன். பக்கத்துத் தடத்து ஸ்டீபன் ஒருமுறை பள்ளம் தோண்டியவர்களை நெருங்கி, "யாருய்யா?" என்று கேட்டார். குழாயில் துளை போட வந்த திருடர்கள். அவர் மண்டையை உடைத்துப் பனைமரத்தில் கட்டிவிட்டுப் போனார்கள். கம்பெனி துணைக்கு இன்னொரு ஆள் போடவில்லை. உத்தரவுதான் போட்டது: கிட்டே போகாதே, போன் போடு.

மணவாளன் நடக்கும் வழியில் பாதியில் குப்பம்மாள் வீடு. ஆடு வளர்த்துப் பிழைத்தவர். தினமும் ஒரு சொம்பு மோரோடு வாசலில் நிற்பார்.

"இன்னா நைனா, பைப்பு கீதா? எவனாவது சுருட்டிக்கினு பூட்டானா?"

"கீதுக்கா. உன் ஆடுங்கதான் மேல நின்னு காவல் காக்குது."

"அப்ப ஆட்டுக்குச் சம்பளம் குடுக்கச் சொல்லு. உனுக்கு இன்னாத்துக்கு?"

போன மார்கழியில் ஒரு விடியற்காலை. கொட்டும் பனியில், இடுகாட்டின் ஓரம் இரண்டு பேர் கடப்பாரையோடு தோண்டிக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியவில்லை. மணவாளன் வேலிக்காத்தான் புதரில் பதுங்கினார். ஸ்டீபனின் மண்டை கண்ணுக்குள் வந்து நின்றது. கம்பெனிக்குப் போன் போட்டார்.

"ரெண்டு பேரு சார். கடப்பாரை கீது."

"கிட்டப் போவாத. அங்கியே இரு."

இருந்தார்.

கம்பெனி ஜீப் வந்தது, போலீசும் வந்தது. தோண்டியவர்களை ஏற்றிக்கொண்டார்கள், குழியை மூடினார்கள். அப்போதுதான் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. புதரைவிட்டு வெளியே வந்த மணவாளன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். உள்ளே குப்பம்மாள். இரண்டு நாள் முன்பு காய்ச்சலென்று சேர்த்திருந்தார்கள்; முந்தைய இரவு உயிர் போயிருந்தது. அப்பன் குழிக்குப் பக்கத்திலேயே அம்மாவைப் புதைக்க, மகன் தணிகைவேல்தான் குழிக்கு ஆள் விட்டிருந்தான்.

விசாரணை முடியாமல் மண்ணைத் தொடக் கூடாது என்றார்கள். பொழுது சாயும்வரை பிணம் வேனிலேயே கிடந்தது. கடைசியில் ஏரிக்கரை ஓரம், தனியாக ஒரு குழி. அன்றைக்கு அங்கே வந்த ஒருவரும் டேப் பிடித்து அளக்கவில்லை. மணவாளனும்தான்.

"கிட்ட வந்து யாருன்னு ஒரு கொரல் குட்த்திருந்தா போதுமேணா," என்றான் தணிகைவேல். "எங்கம்மா உன்ன நம்மாளுன்னுதான் நெனச்சிக்கினு இருந்துச்சு." அதோடு அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டான்.

பாதுகாப்பு வார விழாவில், விழிப்பான ஊழியர் என்று கம்பெனி மணவாளனுக்கு ஒரு பிளாஸ்க் கொடுத்தது. கை தட்டினார்கள். மோர் நின்றுபோனதால் தண்ணீரை அதில்தான் எடுத்துப் போகிறார். குப்பம்மாள் வாசலைத் தாண்டும்போது மட்டும் அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்கிறார்.

இடுகாடு வந்ததும் நிற்கிறார். குழாய்க்கு நேர் மேலே நட்ட கல்லில் கம்பின் ஒரு முனையை வைக்கிறார். படுக்கப் போடுகிறார், புரட்டுகிறார், மறுபடி போடுகிறார். மூடிய குழியின் ஓரம்வரை அப்படியே போகிறார். தினமும் ஒரே அளவுதான் வருகிறது. கம்பு ஒருநாளாவது குறைத்துக் காட்டாதா என்று பார்க்கிறார். வந்த எண்ணை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

இரும்பு ஆலைக்கு ஷிப்ட் போகும் தணிகைவேல் இன்றைக்கு பைக்கை நிறுத்துகிறான். மார்கழிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"தெனம் இன்னாத்தணா அளக்குற? அம்மாவுக்குத் தோண்டுன குழி பைப்புலேந்து எத்தினி அடில இருந்துச்சு?"

மணவாளன் தொப்பியைக் கழற்றுகிறார். கம்பைக் கீழே போடுகிறார்.

"நாப்பத்திரெண்டு."