அப்பா என்னிடம் "நீங்க யாருங்க?" என்று கேட்டார்

இன்று காலை, மலைமேல் அரவேணு கிராமத்தில் எங்கள் வீட்டில், அப்பாவிடம் காபியை நீட்டினேன். வாங்காமல் என்னையே பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க யாருங்க?"

விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பேக்டரி லாரி வந்து நிக்குது, கதவைத் தெறங்க" என்று சுவரைத் தட்ட ஆரம்பித்தார். அவர் டீ பேக்டரியை விட்டு இருபது வருடம் ஆகிறது. நேற்றுவரை பேப்பரை வரி விடாமல் படித்த மனிதர்.

குன்னூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, "பிரஷர் இறங்கிட்டே போகுது, உடனே கோயமுத்தூர் போயிருங்க" என்றார்கள். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வளையும்போதெல்லாம் அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார், யார் கை என்று தெரியாமலே.

கோயமுத்தூரில் முதியவர்களுக்கென்றே தனி வார்டு இருக்கிறது. சுவரைத் தட்டியவரைக் கட்டிலோடு கட்டிவிடுவார்களோ என்று பயந்து நர்ஸிடம் கேட்டேன்.

"கட்டுனா இன்னும் மெரண்டுக்குவாருங்க. சிறுநீர்ல கிருமி இருக்குது. இந்த வயசுல அது புத்தியைக் கொழப்பி உட்டுரும். கண்ணாடி கொண்டாந்தீங்களா? மொதல்ல போட்டு உடுங்க. எங்க இருக்கறோம்னு அவருக்குத் தெரியோணும்."

போட்டுவிட்டேன். ஜன்னலைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். என்மேல் பார்வை நிற்கவே இல்லை.

"தெளிய நாலஞ்சு நாள் ஆகலாம். முழுசாத் தெளிவாரான்னு இப்பவே சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர்.

இப்போது மருந்து ஏறுகிறது, அப்பா தூங்குகிறார். எழுப்பிப் பார்க்க ஆசை. எழுந்து என்ன கேட்பாரோ என்று பயம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்து தெளிந்ததா? எத்தனை நாளில் என்று சொல்லுங்கள். நல்ல பதிலாக மட்டும் வேண்டும், கொஞ்சம் பொய் கலந்திருந்தாலும் பரவாயில்லை.